பாவு வராத மாதம்

ஆடி பிறந்து பத்து நாள் போன பிறகு ஆரணிப் பக்கம் தறிக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிடுவது நல்லது. ‘பாவு ஏறியிருக்கா?’ பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற இழைகள். ஏறியிருந்தால் கேட்கவே வேண்டாம், தெருமுனையிலேயே சத்தம் வந்துவிடும். சத்தம் வராத வீட்டில் போய்க் கேட்டால், பதில் சொல்கிறவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரை வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு சரக்குகளால் தெரியும். ஒன்று அரிசி, மற்றது பட்டு. நகரத்துக்குள்ளும், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீட்டுக்குள்ளேயே குழி வெட்டித் தறி போட்டிருப்பார்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அந்தப் பெயரும் பெருமையும் சேலையின் மடிப்போடு கடைக்குப் போய்விடும். நெய்தவர் வீட்டில் மிஞ்சுவது கூலிக் கணக்கும் அட்வான்ஸ் கணக்கும்.

மன அழுத்தம் என்றதும் நாம் எழுதுவதும் படிப்பதும் பெரும்பாலும் ஐ.டி. கம்பெனி, டார்கெட், நைட் ஷிப்ட், தேர்வு பயம் பற்றித்தான். வேலை அதிகமாகி மனிதன் நசுங்குகிற கதை அது. ஆரணியில் நசுக்குவது வேலை இல்லாத நாள். தீபாவளிக்கு முன்னால் விடிய விடிய மிதிக்கட்டை மிதிக்கிற நெசவாளிக்கு முதுகு வலிக்கும், கண் எரியும். ஆனாலும் சாப்பாடு இறங்கும், தூக்கம் வரும். சேலை அறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்ற பதிலோடு வீட்டில் உட்காரும்போதுதான் மனிதர் உள்ளுக்குள் உடையத் தொடங்குகிறார்.

இந்த ‘அடுத்த வாரம்’ எப்படி வருகிறது? பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். கோரா பட்டில், அதாவது கச்சாப் பட்டில், பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை, சில சமயம் கூடுதல். வீட்டில் எத்தனை கை வேலைக்கு இருக்கிறது, சேலையில் எவ்வளவு வேலைப்பாடு என்பதைப் பொறுத்து அது முடிய வாரக்கணக்கில் ஆகும். முடித்துக் கொடுத்தால் கூலி, அதில் பழைய அட்வான்ஸுக்குப் பிடித்தது போக மிச்சம். கடையில் சேலை நகரவில்லை என்றாலோ, பட்டு விலை ஏறிவிட்டது என்றாலோ முதலாளி செய்கிற முதல் காரியம், அடுத்த பாவைத் தள்ளிப்போடுவது. அவருக்கு அது வியாபார நிதானம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தறிக்குழியில் ஈரம் கசியும், நூல் நமத்துப்போகும், தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட வெயில் வராது. வருஷத்துக்கு இத்தனை மாதம் கேள்விக்குறியோடு நிற்கிற தொழில் இது. 2021, 2022 வாக்கில் கோரா பட்டு விலை கிடுகிடுவென்று ஏறியபோது முகூர்த்த மாதங்களுக்கும் அந்தக் கேள்விக்குறி வந்து சேர்ந்தது.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் ஒரு கருத்தைச் சொன்னார். வேலைப் பளு மட்டும் ஒருவரை நோயாளியாக்குவதில்லை, பளுவும் இருந்து அதன்மேல் தனக்கு ஒரு பிடியும் இல்லாதபோதுதான் உடம்பு கெடுகிறது என்பது அதன் சாரம். ஆரணித் தறியில் இதை விசித்திரமான வடிவத்தில் பார்க்கலாம். காலை நாலு மணிக்கு உட்காருவதா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து உட்காருவதா என்பது முழுக்க நெசவாளி இஷ்டம். மேற்பார்வையாளர் கிடையாது, பஞ்ச் கார்டு கிடையாது. சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து என்றால் யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். இந்தச் சுதந்திரத்துக்காகவே செய்யாறு சிப்காட் பக்கம் தலைவைத்துப் படுக்காத பழைய ஆட்கள் நிறையப் பேர். எந்த நேரத்தில் உட்காருவது என்பது அவர் கையில் இருக்கிறது. எந்த மாதத்தில் உட்காருவது என்பது இல்லை. பளுவையும் பிடியையும் வைத்துக் கராசெக் போட்ட அட்டவணையில் இப்படி ஒரு கட்டம் இல்லை.

அறுவடைக்கு முன், அறுவடைக்குப் பின்

பணத் தட்டுப்பாடு மூளையை என்ன செய்கிறது என்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று இதே மாவட்டத்து மண்ணில்தான் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை எடுத்துக்கொண்டார்கள். கரும்புக்காரருக்கு ஆலைப் பணம் வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாக வரும். வெட்டுக்கு முந்தின மாதங்களில் கை வறண்டிருக்கும், வெட்டி முடித்துப் பணம் வந்ததும் நிமிரும். ஒரே ஆளை இரண்டு பருவத்திலும் உட்காரவைத்து, படம் பார்த்துப் புதிர் விடுவிக்கிற மாதிரியான அறிவுச் சோதனை கொடுத்தார்கள். பணம் வருவதற்கு முன்னால் அதே மனிதர் தெளிவாகக் குறைந்த மதிப்பெண் எடுத்தார். வெட்டுக்கு முன்னால் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்னால் 4 சதவீதம். ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கணக்கு போட்ட முறையில் குறை கண்டு அதே இதழில் மறுப்பு எழுதியவர்களும் உண்டு. ஆனால் அடகுச் சீட்டுக் கணக்கை உறுதிப்படுத்த ஆய்வாளர் தேவையில்லை, நம்மூர் அடகுக்கடை மேஜையே போதும்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. கஷ்டத்தில் இருக்கிறவர் ‘யோசிக்காமல்’ முடிவெடுக்கிறார் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அவர் நம்மைவிட அதிகமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை குழுக் கடன் டியூ, மளிகைக்கடை பாக்கி, பெண்ணின் காலேஜ் ஃபீஸ், மூன்றும் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடும்போது நாலாவது விஷயத்துக்கு இடமில்லை. கரும்புக்காரருக்காவது வெட்டு எந்த மாதம் என்று ஓரளவு தெரியும். பாவு வருகிற தேதி நெசவாளிக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் மாதம் 25 சதவீதம், 30 சதவீதம் என்று ஆசை காட்டுகிறவர்கள் வந்து சேருவார்கள். ஆருத்ரா கோல்டு டிரேடிங் விவகாரத்தை வட மாவட்டங்களில் கேள்விப்படாத வீடு இருக்காது. 2022 மே மாதத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனையில் இறங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டது என்பது காவல்துறை சொன்ன கணக்கு. அதில் பணம் போட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசி முடிப்பது சுலபம். கூலி உயராத வீட்டில், நகையை வைத்தாவது ஒரே தாவலில் கரையேறிவிடலாம் என்று தோன்றுவதற்குப் பேராசை என்ற பெயர் பொருந்தவில்லை.

ஒரு பழைய நெசவு ஊர்

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்டால் என்று ஒரு துணி ஆலைக் குடியிருப்பு. நூற்பு, நெசவு, அச்சு எல்லாம் ஒரே ஆலையில். 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல் மூவரும் ஒரு குழுவோடு அங்கே போய், அந்த மக்கள் நாட்களை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்த்து 1933இல் புத்தகமாக எழுதினார்கள்.

அவர்கள் கவனித்தவற்றில் ஒன்று நூலகம். வேலையில்லை, நேரம் கொட்டிக் கிடக்கிறது, நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இரண்டு வருஷத்தில் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகச் சரிந்திருந்தது. இன்னொன்று நடை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்களின் வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். கைக்கடிகாரம் கட்டுவதையே பலர் விட்டிருந்தார்கள். பெண்களின் நடை அந்த அளவுக்குத் தளரவில்லை. அடுப்பு, துவையல், குழந்தை என்று அவர்களுக்கு நாள் உடையாமல் இருந்தது.

ஆரணியில் தறி நின்ற வாரத்தில் டீக்கடை பெஞ்சைப் பார்த்தவர்களுக்கு மரியன்டால் வெகுதூரத்து ஊராகத் தெரியாது. காலையில் வந்து உட்கார்ந்தவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, போனைத் திறந்து மூடி, யாரோ அழைத்த மாதிரி எழுந்து போய், பத்து நிமிஷத்தில் திரும்பி வருவார். பேச்சு எதைப் பற்றி இருந்தாலும் கூலியைப் பற்றி இருக்காது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அந்தப் பெஞ்சும் போயிற்று. கல்யாணம் நின்றது, கடை மூடியது, பாவு வரவில்லை, வெளியே போய் நிற்கவும் வழியில்லை. தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு, நெய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைக்குப் பட்டு ஊர் எங்கும் இருந்தார்கள்.

ஹான்ஸ் செல்யே 1936இல் எலிகளை வைத்து எழுதியதும் இதைத்தான் ஒரு விதத்தில் சொல்கிறது. அபாயம் வந்தால் உடம்பு முதலில் உஷாராகும், பிறகு தாக்குப்பிடிக்கும், அபாயம் விலகாமலே இருந்தால் கடைசியில் தளர்ந்து நோயில் விழும். புலியைக் கண்டு ஓடுவதற்கான ஏற்பாடு நம் உடம்பில் நன்றாகவே இருக்கிறது. எட்டு வாரம் கழித்து வரலாம், வராமலும் போகலாம் என்கிற புலிக்குத்தான் ஏற்பாடு இல்லை.

கை ஓடும்போது வாயும் ஓடும்

இத்தனையும் படித்துவிட்டு ஆரணிக்காரர்கள் துவண்டுபோய்க் கிடக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சமாளிக்கிற வழிகள் அவர்களிடம் ஏராளம். அவற்றில் சில எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பாவு பிணைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடிந்த பாவின் நுனி தறியில் அச்சுக்குப் பின்னால் தொங்கும். புதுப் பாவை அதற்கு எதிரே கொண்டுவந்து கட்டுவார்கள். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு திருகு, ஒரு மடக்கு. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல். அடுத்த இழை. இப்படி ஆயிரக்கணக்கில். ஒரு இழை மாறினால் சேலையின் நீளம் முழுக்கக் கோடு விழும். ஆனாலும் பிணைக்கிறவர்கள் முகத்தில் கடுகடுப்பு இருக்காது. கண் இழையில் இருக்க, வாய் பேசிக்கொண்டிருக்கும். மாமியார் கதை, வாய்தாவுக்குப் போன கதை, மகன் பெங்களூரில் யாரையோ விரும்புகிற கதை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். எதிரெதிரே முகம் பார்த்து உட்கார்ந்து ‘சொல்லுங்க, என்ன பிரச்சினை’ என்றால் நம்மூர் ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். கைக்கு வேலை கொடுத்து, கண்ணை வேறு இடத்தில் வைத்துவிட்டால் எல்லாம் கொட்டும். மனநல ஆலோசகர்கள் ஆரணிப் பக்கம் முகாம் போட்டால் நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஒரு பாவை நடுவில் வைக்கலாம் என்று பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

அழுகைக்கும் இடம் இருக்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசியில் இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கூத்துக்குப் பேர்போன புரிசை செய்யாறு பக்கம்தான். துகில் உரிகிற இரவிலும், படுகளத்தில் துரியோதனன் விழுகிற காலையிலும் பெண்கள் அழுவது பாஞ்சாலிக்காக மட்டும் இல்லை என்பது அழுகிறவர்களுக்கும் தெரியும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். தறி மந்தமாகிற ஆடியில் படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம் நெரியும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம். இதையெல்லாம் பக்தி என்று ஒரு பெட்டியிலும், மனநலம் என்று இன்னொரு பெட்டியிலும் போட்டுப் பார்க்க எனக்குச் சம்மதமில்லை. விடிய விடிய நடந்து களைத்தவருக்கு மறுநாள் இரவு தூக்கம் வருகிறது.

ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் எழுதிய புத்தகத்தில், மனிதர் சமாளிப்பது இரண்டு வகை என்று பிரித்தார்கள். பிரச்சினையையே கையில் எடுப்பது ஒன்று. பிரச்சினை நம் கையில் இல்லாதபோது மனசைப் பார்த்துக்கொள்வது மற்றொன்று. கூத்தும் கோயிலும் இரண்டாவது வகை. அடகு முதல் வகை. மூக்குத்தி கடைசியாகத்தான் போகும். அதற்கு முன்னால் தோடு, அதற்கும் முன்னால் பித்தளை அண்டா. எந்த வரிசையில் வைப்பது, எதை முதலில் மீட்பது என்பதில் ஒவ்வொரு வீட்டிலும் பெண்களிடம் ஒரு தேர்ந்த கணக்கு இருக்கிறது. பிள்ளையை டிப்ளமோ படிக்க வைத்து ஒரகடம் பக்கம் அனுப்புவதும் முதல் வகைதான். மருமகளை ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடுவதும் அதே. மாதச் சம்பளம் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் தறி நிற்கிற வாரத்தின் பயம் பாதி குறைந்துவிடுகிறது. அதற்கு விலையாக வீட்டில் ஊடை நூலுக்குத் தார் சுற்ற ஆள் இல்லாமல் போகிறது. அடுத்த தலைமுறையில் தறியே இருக்குமா என்பது வேறு கவலை. அதை நாம் படுகிற அளவுக்கு நெசவாளிகள் படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன் பிள்ளை குழியில் இறங்க வேண்டாம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

டாஸ்மாக்கைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். அட்வான்ஸ் வாங்கிக் குடித்தவர், அடுத்த சேலைக் கூலியைப் பார்க்காமலே இருப்பார். காலையில் கை நடுங்கினால் பாவுக்கு ஊடே நாடா ஒழுங்காக ஓடாது. தறி நின்றதால் குடித்தாரா, குடித்ததால் தறி நின்றதா என்று பிரிக்க முடியாத வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் அழுத்தம் முழுவதையும் சுமக்கிறவர் குடிக்காதவர்.

யார் பெயரில் கடன்

நெசவாளி என்று எழுதும்போதெல்லாம் ஆண் முகம் ஒன்று மனதில் வந்துவிடுகிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள் 35 லட்சம் பேர். அவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். தார் சுற்றுவது, இழை எடுப்பது, பாவு பிணைப்பது, தறியிலேயே உட்காருவது எல்லாம் செய்துவிட்டு அடுப்பையும் பார்க்கிறவர்கள். குழு லோனும் அவர்கள் பெயரில்தான். வாரா வாரம் ஒரு வீட்டுத் திண்ணையில் கூட்டம். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். வசூலுக்கு வரும் பையன் இருபத்தைந்து வயதுக்காரன், அவனுக்கும் மேலே ஒரு டார்கெட். ஆண்கள் டீக்கடைக்குப் போய் ஒதுங்கிக்கொள்ளலாம். இவள் எங்கே போவாள்? வாசலில் உட்கார்ந்திருப்பதே பக்கத்து வீட்டுக்காரிகள்தான். கந்துவட்டிக்கு எதிராக 2003இலும், கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலுக்கு எதிராக 2025இலும் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் குழுவுக்குள்ளேயே ஒருத்தியை ஒருத்தி நெருக்குவதைத் தடுக்கச் சட்டத்தால் முடியாது. அந்த நெருக்கடியின் மேல்தான் இந்தக் கடன் முறையே நிற்கிறது.

உதவி கேட்கலாம் என்பது தெரியாமலே பலர் தனியாகத் தவிக்கிறார்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். ‘செத்துப்போயிடலாம் போல இருக்கு’ என்று வீட்டில் ஒருவர் சொன்னால் அதைப் பேச்சுவாக்கில் விட்டுவிடாமல் அந்த எண்ணைப் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து வீடு வீடாக வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறது. தறி வீடுகளில் ‘தூக்கம் வருதா?’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் பல விஷயம் வெளியே வரும்.

மீனவருக்கு உண்டு

ஆலோசனையும் மாத்திரையும் தேவைதான். ஆனால் அழுத்தத்தின் வேர் பாவு வராத மாதத்தில் இருக்கும்போது, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு வருவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிய சட்டம் 1985இலிருந்து இருக்கிறது. விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்பது நிற்கவில்லை என்பது நெசவாளிகளின் தீராத குறை. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023இல் 300 ஆக்கினார்கள். கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்கு, கூலியில் ஒரு பங்கு பிடித்து அரசும் தன் பங்கைச் சேர்க்கிற சேமிப்புத் திட்டம் உண்டு. ஆரணியில் தனி முதலாளியிடம் கூலிக்கு நெய்கிறவர்களுக்கு அந்தச் சேமிப்பு எட்டாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக அந்தத் தடை. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணமாக 8,000 ரூபாய் தருகிறார்கள். மழைக்காலத்துக்குத் தனியாக ஒரு உதவித்தொகையும் இருக்கிறது. கடல் மூடியிருக்கும் காலம் என்று ஒன்றை அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. தறிக்கும் மூடியிருக்கும் காலம் உண்டு. ஆடி எப்போது வரும், மழை எப்போது வரும் என்று காலண்டரிலேயே போட்டிருக்கிறது.

நெசவாளிக்கும் அப்படி ஒரு தொகை தர வேண்டுமென்றால் முதலில் யார், யாரிடம், எத்தனை பாவு நெய்தார் என்று எழுதி வைத்த ஒரு பாஸ்புக் ஒவ்வொரு கூலி நெசவாளி கையிலும் இருக்க வேண்டும். முதலாளிகளுக்கு அது பிடிக்காது. பாவுக் கணக்கோடு அட்வான்ஸ் கணக்கும் அந்தப் புத்தகத்தில் ஏறிவிடும்.